துணியைப் பக்குவம் செய்வோம்

 

இன்று நாம் போர்வையைப் பற்றிப் பேசப் போகிறோம். சதுரம் சதுரமாகத் துணி வெட்டுகிறோம். ஒவ்வொரு சதுரத்திலும் பூத்தையல் போடுகிறோம். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்குகிறோம். ஒரு சதுரத்தைக் கட்டம் என்று சொல்வோம். முழுப் போர்வையைக் கட்டப் போர்வை என்று சொல்வோம்.

பூத்தையல் போட உங்களில் பலருக்குத் தெரியும். சங்கிலித் தையல், காம்புத் தையல், இலைத் தையல் எல்லாம் உங்கள் கைக்குப் பழக்கம். அதை உங்களுக்குச் சொல்லித் தர எனக்கு வயது போதாது. ஊசியை எடுப்பதற்கு முன்னால் துணிக்குச் செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

இந்த வேலை கண்ணுக்குத் தெரியாது. போர்வையைப் பார்ப்பவர் பூவைப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார். அடியில் இருக்கும் துணியை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அந்தத் துணி சரியில்லை என்றால் பூவும் நிற்காது, கூலியும் கைக்கு வராது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். ஒரு கடைக்காக 20 கட்டம் வைத்த போர்வை ஒன்றைத் தைத்தார். காடாத் துணி வாங்கினார். வாங்கியபடியே வெட்டினார். இரண்டு மாதம் இரவு பகலாகத் தைத்தார். தையல் முத்து முத்தாக இருந்தது. கடைக்காரர் போர்வையை ஒரு முறை தண்ணீரில் போட்டு எடுத்தார். துணி சுருங்கிவிட்டது. பூக்களைச் சுற்றித் துணி கொசுவம் வைத்தது போல் ஆகிவிட்டது. சிவப்பு நூலின் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது. பேசிய பணத்தில் பாதிதான் கிடைத்தது.

அந்த அக்காவின் கையில் ஒரு குறையும் இல்லை. துணியைப் பக்குவம் செய்யாததால் வந்த நட்டம் அது. இரண்டு மாத உழைப்பை இரண்டு நாள் வேலை காப்பாற்றியிருக்கும். அந்த இரண்டு நாள் வேலை என்ன? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பாட்டி தைத்த போர்வை

"எங்கள் பாட்டியும் போர்வை தைத்தாள். அவள் இதெல்லாம் பார்த்தாளா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

நம் கர்நாடகத்தின் வட மாவட்டங்களில் கௌதி என்ற போர்வை உண்டு. பழைய சேலை, பழைய வேட்டி ஆகியவற்றை அடுக்கி, நூலோட்டத் தையல் போட்டுத் தைப்பார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கங்களில் சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். சித்திப் பெண்கள் தைக்கும் கௌதி மிகவும் அழகானது. பல நிறத் துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூப்போல ஒன்றைச் செருகுவார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை முழுமையாகாது என்பார்கள்.

வங்காளத்தில் காந்தா என்ற போர்வை உண்டு. அதுவும் பழைய சேலையிலும் வேட்டியிலும் செய்வதுதான். சேலைக் கரையிலிருந்து நிற நூலை உருவி எடுத்து, அந்த நூலாலேயே மீனும் பூவும் தைப்பார்கள்.

இந்தப் போர்வைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான குணம் உண்டு. எல்லாம் பழைய துணி. நூறு முறை துவைத்த துணி. சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கி முடிந்துவிட்டது. கழற வேண்டிய சாயம் கழன்றுவிட்டது. கஞ்சியும் போய்விட்டது. பாட்டியின் துணி பல வருடம் உடுத்தி, துவைத்து, தானாகவே பக்குவமாகிவிட்டது.

நாமோ கடையில் புதுத் துணி வாங்குகிறோம். விற்பதற்காகத் தைக்கிறோம். பல வருடத்தில் நடந்த அந்தப் பக்குவத்தை இரண்டு நாளில் நாமே செய்தாக வேண்டும்.

மஸ்லின், மல், காடா

கட்டப் போர்வைக்கு என்ன துணி வாங்குவது? வெளிநாட்டு ஆர்டர் கொண்டு வருபவர்கள் மஸ்லின் என்று சொல்வார்கள். இந்தப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. கவனமாகக் கேளுங்கள்.

நம் நாட்டில் மஸ்லின் என்றால் மிக மெல்லிய துணி. டாக்கா நகரத்து மஸ்லின் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றது. மோதிரத்துக்குள் நுழையும் துணி என்று பேசுவார்கள். நாம் மல் துணி என்று சொல்வதும் அந்த வகைதான். மல் வேட்டி எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் மஸ்லின் என்றால் வேறு. சாதாரண நெசவில் நெய்த, பெரும்பாலும் வெளுக்காத பருத்தித் துணியை அவர்கள் மஸ்லின் என்கிறார்கள். நம் ஊரில் அதன் பெயர் காடா. பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிகளில் நெய்து வருவது அந்தக் காடாதான். பெங்களூரில் சிக்பேட்டைக் கடைகளில் கிடைக்கும்.

ஆகவே யாராவது மஸ்லின் என்று சொன்னால், "மல்லா, காடாவா? துண்டு மாதிரி காட்டுங்கள்" என்று கேளுங்கள். மாதிரித் துண்டை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். பூத்தையல் கட்டத்துக்கு நெருக்கமாக நெய்த காடா நல்லது. மல் துணி என்றால் அடியில் இன்னொரு துணி கட்டாயம் வேண்டும்.

வாங்கும்போது துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நூல்கள் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு துணியின் ஒரு மூலையைக் கையில் கசக்கித் தேயுங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அதில் கஞ்சி அதிகம். கஞ்சி போன பின் துணி தொளதொளவென்று ஆகிவிடும்.

துணியில் கஞ்சி எப்படி வந்தது?

துணியில் இரண்டு வகை நூல் உண்டு. நீளமாக ஓடுவது பாவு நூல். குறுக்கே ஓடுவது ஊடை நூல். தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நெய்யும்போது உரசும். உரசினால் அறுந்துவிடும். அறாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுவார்கள். கைத்தறி ஊர்களில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். டாக்கா மஸ்லினுக்கு நெற்பொரியில் கஞ்சி செய்தார்கள். இன்றைய ஆலைகளில் மரவள்ளி மாவு, மக்காச்சோள மாவு முதலியவற்றில் கஞ்சி செய்கிறார்கள். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி மாவு துணி ஆலைகளுக்கும் போகிறது.

நம் பெங்களூருக்கும் ஆலை புதிதில்லை. 1884-ல் இங்கே தொடங்கிய துணி ஆலை பின்னாளில் பின்னி மில் என்று பெயர் பெற்றது. அந்த ஆலை இன்று இல்லை. அங்கே வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பல. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பாவு, ஊடை, கஞ்சி எல்லாவற்றையும் விவரமாகச் சொல்வார்கள்.

கஞ்சியோடு இழுத்து நெய்த துணி இழுத்தபடியே நிற்கும். தண்ணீர் பட்டதும் கஞ்சி கரையும். நூல் தளரும். துணி தன் இயல்பான அளவுக்குச் சுருங்கும். இதுதான் சுருக்கத்தின் காரணம். வெட்டித் தைத்த பிறகு சுருங்கினால் நமக்கு நட்டம். வெட்டுவதற்கு முன்பே சுருங்கினால் ஒரு நட்டமும் இல்லை.

முதல் வேலை: சோதனைத் துண்டு

வாங்கிய துணியில் ஒரு துண்டு வெட்டுங்கள். நீளம் 20 சென்டிமீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர். பாவு ஓடும் பக்கத்தைப் பென்சிலால் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுத் துவையுங்கள். உலர்த்தி இஸ்திரி போடுங்கள். மறுபடி அளந்து பாருங்கள்.

20 சென்டிமீட்டர் 19 ஆகியிருந்தால் என்ன பொருள்? 20-க்கு 1 குறைந்தது. அப்படியானால் 100-க்கு 5 குறையும். 10 மீட்டர் துணி வாங்கினால் 9½ மீட்டர்தான் நிற்கும். காடாத் துணி 100-க்கு 3 முதல் 5 வரை சுருங்குவது சாதாரணம். தளர்ந்த நெசவு இன்னும் அதிகமாகச் சுருங்கும். நீளத்தில் ஒரு அளவும் அகலத்தில் ஒரு அளவும் சுருங்கலாம். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒரு நோட்டில் இப்படி எழுதி வையுங்கள்: வாங்கிய தேதி. கடை. மீட்டர் விலை. நீளத்தில் சுருங்கியது. அகலத்தில் சுருங்கியது. அந்தப் பக்கத்திலேயே சோதனைத் துண்டையும் குத்தி வையுங்கள். அடுத்த முறை அதே துணி வாங்கும்போது இந்தப் பக்கம் உங்களுக்கு வழி சொல்லும்.

நனைப்பது, துவைப்பது

முழுத் துணியின் வெட்டு ஓரங்களில் பெரிய தையலாக ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். அப்போது நூல் பிரியாது. துணியைச் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். காலையில் தண்ணீர் கலங்கியிருக்கும். கரைந்த கஞ்சிதான் அது. அதை ஊற்றிவிடுங்கள். பிறகு நல்ல சுடுதண்ணீரில் சோப்புத் தூளும், ஒரு கரண்டி சலவைச் சோடாவும் போட்டு ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். சோடாத் தண்ணீரில் வெறும் கை வைக்க வேண்டாம். குச்சியால் கிளறுங்கள். பிறகு அலசுங்கள். சோப்பு முழுவதும் போகும்வரை அலச வேண்டும்.

பெங்களூரில் பல வீடுகளுக்கு போர்வெல் தண்ணீர்தான். அது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது. துணியில் வெள்ளைப் படிவு நிற்கும். கடைசி அலசலுக்காவது காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வைத்துக் கொள்ளுங்கள். 2024-ல் இந்த ஊரில் போர்வெல்கள் வற்றி நாம் பட்ட பாடு மறக்காது. எனவே துண்டு துண்டாகத் துவைக்க வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து ஒரே நாளில் துவையுங்கள். அலசிய தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக் கொள்ளலாம்.

கஞ்சி போய்விட்டதா என்று எப்படித் தெரிந்து கொள்வது? துணி உலர்ந்த பின் அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உடனே உள்ளே இறங்கினால் துணி தயார். முத்துப்போல மேலேயே நின்றால் இன்னும் கஞ்சியோ மெழுகோ இருக்கிறது. இன்னொரு முறை துவையுங்கள்.

உலர்த்துவது, இஸ்திரி போடுவது

ஈரத் துணியைப் பலமாக முறுக்காதீர்கள். இரண்டு மூலையைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். தொங்கும் பாரத்தில் துணி கோணும். கொடியில் பாதி மடித்து நேராகப் போடுங்கள். முழுக்கக் காய்வதற்குள், சற்று ஈரமாக இருக்கும்போதே எடுத்து இஸ்திரி போடுங்கள்.

இஸ்திரிப் பெட்டியைப் பாவு நூல் ஓடும் திசையில் நகர்த்துங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இழுக்காதீர்கள். சூடும் ஈரமும் உள்ள துணி, இழுத்த பக்கம் நீளும். அது நீண்டபடியே நின்றுவிடும். சதுரமாக வெட்டிய கட்டம் பிறகு சாய்ந்து நிற்கும்.

நூல் நேர் பார்ப்பது

இது முக்கியமான பாடம். தார்வாடு, ஹூப்ளி பக்கத்தில் கசூதி என்ற பூத்தையல் உண்டு. இல்கல் சேலைகளில் கோபுரமும் தேரும் யானையும் கசூதியில் தைப்பார்கள். அதில் கவந்தி, முர்கி, நேகி, மெந்தே என்று நான்கு வகைத் தையல்கள். படம் வரைந்து கொள்வதே இல்லை. துணியின் நூலை எண்ணி எண்ணித் தைப்பார்கள். முடிச்சும் போட மாட்டார்கள். நூல் கோணலாக இருந்தால் கோபுரமும் கோணலாகிவிடும். ஆகவே அவர்கள் முதலில் பார்ப்பது நூல் நேர்தான்.

நாம் நூல் எண்ணித் தைக்காவிட்டாலும் நூல் நேர் வேண்டும். எப்படிப் பார்ப்பது? துணியின் ஓரத்தில் ஒரே ஒரு ஊடை நூலை ஊசி முனையால் கிளப்புங்கள். மெதுவாக இழுங்கள். அந்த நூல் வந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே கத்தரிக்கோலால் வெட்டுங்கள். அதுதான் நேர்க்கோடு. அடிக்கோலைவிட அது நம்பகமானது.

வெட்டிய பின் துணியை நான்காக மடித்துப் பாருங்கள். ஓரங்கள் பொருந்தவில்லை என்றால் துணி சாய்ந்திருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து, குட்டையான பக்கமாக மெதுவாக இழுங்கள். கொஞ்சம் ஈரம் தெளித்து இழுத்தால் நேராகும். ஓரத்தில் உள்ள கெட்டிக் கரையைக் கட்டத்துக்குள் சேர்க்காதீர்கள். அது மற்ற துணியைப் போல் சுருங்காது.

எந்த அளவு வெட்டுவது?

போர்வையில் ஒரு கட்டம் 12 அங்குலம் தெரிய வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். 12 அங்குலமே வெட்டலாமா? கூடாது. சேர்த்துத் தைக்க ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் வேண்டும். ஆக 12½ அங்குலம். பூத்தையல் போடப் போடத் துணி உள்ளே இழுக்கும். வளையத்தில் மாட்டவும் ஓரம் வேண்டும். எனவே 14 அங்குலம் வெட்டுங்கள். பூத்தையல் முழுவதும் முடிந்து, துவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் 12½ அங்குலத்துக்கு நறுக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுவோம். குறுக்கே 4 கட்டம், நீளத்தில் 5 கட்டம். மொத்தம் 20 கட்டம். துணியின் அகலம் 48 அங்குலம். சுருங்கிய பின் சுமார் 46 அங்குலம் நிற்கும். அகலத்தில் 3 கட்டம் வெட்டலாம். 3 × 14 = 42. சரியாக இருக்கிறது. 20 கட்டத்துக்கு 7 வரிசை வேண்டும். 7 × 14 = 98 அங்குலம். ஏறக்குறைய 2½ மீட்டர். சுருக்கத்தையும் சேர்த்து 2¾ மீட்டர் வாங்குங்கள். அடியில் வைக்கும் துணிக்கும் இதே கணக்குத்தான்.

சுருக்கம் பாராமல் தைத்தால் என்ன ஆகும்? 100-க்கு 5 சுருங்கினால், 12 அங்குலக் கட்டத்தில் அரை அங்குலத்துக்கு மேல் போய்விடும். 48 அங்குல அகலத்தில் 2 அங்குலத்துக்கு மேல் போய்விடும். பூத்தையல் நூல் அந்த அளவுக்குச் சுருங்காது. துணி சுருங்கும், நூல் சுருங்காது. அதனால்தான் பூவைச் சுற்றிக் கொசுவம் விழுகிறது.

அடித்துணி: துணிக்கு ஒரு துணை

ஒற்றைத் துணியில் நெருக்கமாகப் பூத்தையல் போட்டால் துணி தாங்காது. சுருண்டு கொள்ளும். பின்னால் ஓடும் கறுப்பு நூலும் சிவப்பு நூலும் முன்பக்கம் நிழலாகத் தெரியும். அதனால் அடியில் ஒரு துணி வைக்கிறோம். அதை அடித்துணி என்போம்.

அடித்துணிக்குப் பழைய வெள்ளை வேட்டி மிக நல்லது. ஓட்டை இல்லாத பகுதியாகப் பாருங்கள். புது மல் துணி என்றால் அதையும் முதலில் துவைத்துச் சுருக்குங்கள். மேல்துணியைச் சுருக்கி அடித்துணியைச் சுருக்காமல் விட்டால் பயனில்லை.

மேல்துணியின் பாவும் அடித்துணியின் பாவும் ஒரே திசையில் ஓடட்டும். இரண்டையும் மேசையில் விரித்து, நடுவிலிருந்து வெளியே நோக்கிக் கையால் தடவி விடுங்கள். பிறகு நடுவிலிருந்து மேலே, கீழே, வலம், இடம் என்று பெரிய நூலோட்டம் போடுங்கள். மூலைகளுக்கும் அதே போல் போடுங்கள். கடைசியாகச் சுற்றி ஓர் ஓட்டம். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பும். நூலை இழுத்து இறுக்க வேண்டாம். பூத்தையல் முடிந்த பின் இந்த ஓட்டத்தை உருவிவிடலாம்.

அடித்துணி வைக்க வசதியில்லை என்றால் வடிகஞ்சி உதவும். ஒரு டம்ளர் கெட்டிக் கஞ்சியில் மூன்று டம்ளர் தண்ணீர் கலந்து வடிகட்டுங்கள். துணியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். துணி விறைப்பாக நிற்கும். "ஆலைக் கஞ்சியை எடுக்கச் சொன்னாய். இப்போது கஞ்சி போடச் சொல்கிறாயே!" என்று சிரிக்காதீர்கள். ஆலைக் கஞ்சி சுருங்காத துணியில் போட்டது. இது சுருங்கி முடிந்த துணியில் போடுவது. ஒரு துவைப்பில் போய்விடும். ஆனால் கஞ்சித் துணியை மாதக் கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள். கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும்.

சட்டைக் காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸ் வேண்டாமா? பையோ சுவர்ப் படமோ தைத்தால் அது சரி. போர்வை உடம்பில் படுவது. அடிக்கடி துவைப்பது. கேன்வாஸ் விறைக்கும், பிறகு ஆங்காங்கே விட்டு உப்பும்.

நூலின் சாயம்

ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஒரு வழக்கம் இருந்தது. படம் அச்சிட்ட காடாச் சதுரங்கள் கடையில் ஒரு காசுக்கு விற்கும். பெண்கள் வாங்கிச் சிவப்பு நூலால் மட்டும் தைத்துப் போர்வையாக்குவார்கள். ஏன் சிவப்பு? துருக்கிச் சிவப்பு என்ற சாயம் அப்போது கிடைத்தது. துவைத்தாலும் அது கழலாது. மற்ற நிறங்களை அந்த அளவுக்கு நம்ப முடியவில்லை. நிறம் எடுக்கும்போது அவர்கள் முதலில் பார்த்தது சாயம் நிற்குமா என்பதைத்தான்.

நாமும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிற நூலிலும் ஒரு சாண் வெட்டுங்கள். சுடுதண்ணீரில் நனைத்து, ஈரமான வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்துங்கள். அப்படியே உலர விடுங்கள். வெள்ளைத் துணியில் கறை இருந்தால் அந்த நூல் வேண்டாம். சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றைக் கட்டாயம் சோதியுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். ஏற்கெனவே சாயம் போட்ட நூலுக்கு அதை நம்ப முடியாது.

படம் வரைவது, வளையம் மாட்டுவது

காடாத் துணியில் படம் வரைய நன்றாகச் சீவிய பென்சில் போதும். படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை வைத்தால் கோடு தெரியும். அடித்துணி வைப்பதற்கு முன்பே வரைந்துவிடுங்கள். லேசாக வரையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். மை போகாது. கார்பன் தாள் என்றால் சோதனைத் துண்டில் கோடு போட்டுத் துவைத்துப் பாருங்கள். கோடு அழியாமல் அதன் மேல் இஸ்திரி போடக் கூடாது. சூட்டில் சில கோடுகள் நிலைத்துவிடும்.

வளையத்தின் உள்வட்டத்தில் வெள்ளை நாடாவைச் சுற்றுங்கள். துணி வழுக்காது, தழும்பும் விழாது. துணியைச் சமமாக இழுத்து மாட்டுங்கள். மூலையைப் பிடித்துக் குறுக்காக இழுக்க வேண்டாம். இரவில் வளையத்தைக் கழற்றி வையுங்கள்.

தைத்து முடிந்ததும் கட்டத்தை மெதுவாக அலசுங்கள். டவலில் சுருட்டி நீரை எடுங்கள். கெட்டியான டவலின் மேல் பூ கீழே பார்க்கும்படி வைத்துப் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். பூ அமுங்காமல் எழும்பி நிற்கும். பிறகு நடுவைப் பார்த்து நான்கு பக்கமும் அளந்து நறுக்குங்கள்.

இதுவும் வேலைதான்

கடைசியாக ஒரு கணக்கு. இதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன்.

ஒரு போர்வைக்கு ஆகும் நேரத்தை எழுதுவோம். துவைக்க 2 மணி. இஸ்திரி போட 3 மணி. நூல் நேர் பார்த்து வெட்ட 2 மணி. ஒரு கட்டத்துக்கு அடித்துணி வைத்து ஓட்டம் போட 15 நிமிடம் என்றால் 20 கட்டத்துக்கு 5 மணி. படம் வரையவும் அதே போல் 5 மணி. மொத்தம் 17 மணி நேரம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 3 நாள் வேலை.

கட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது இந்த 3 நாள் காணாமல் போகிறது. ஊசி ஓடும் நேரத்துக்கு மட்டும் காசு. மற்றது எல்லாம் "வீட்டு வேலை" என்று ஆகிவிடுகிறது. பெங்களூர் கார்மென்ட்ஸ் தொழிற்சாலைகளைப் பாருங்கள். அங்கே துணி சோதிக்க ஓர் ஆள், வெட்ட ஓர் ஆள், இஸ்திரிக்கு ஓர் ஆள். எல்லோருக்கும் சம்பளம் உண்டு. வீட்டில் அந்த எல்லா ஆளும் நீங்கள் ஒருவரே. உங்களுக்கும் அந்தக் கூலி வேண்டாமா?

பல்லாரி மாவட்டம் சந்தூரில் லம்பாணிப் பெண்கள் பூத்தையல் செய்கிறார்கள். கண்ணாடி, சோழி, நாணயம் எல்லாம் வைத்துத் தைப்பார்கள். சந்தூர் குசல கலா கேந்திரா என்ற அமைப்பில் சேர்ந்து வேலை செய்கிறார்கள். சந்தூர் லம்பாணித் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி-20 கூட்டம் நடந்தது. அப்போது 450-க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் செய்த 1,755 பொருள்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அது கின்னஸ் சாதனை ஆனது. தனி ஒருத்தியாக இருந்தால் அது நடந்திருக்குமா? சேர்ந்து நின்றால் துணியும் மொத்தமாக வாங்கலாம், கூலியும் தைரியமாகக் கேட்கலாம்.

ஆகவே ஆர்டர் பேசும்போது நோட்டை எடுத்துப் போங்கள். "துணி பக்குவம் செய்ய இத்தனை மணி. பூத்தையலுக்கு இத்தனை மணி. துவைத்தாலும் சுருங்காது, சாயம் போகாது. இதோ சோதனைத் துண்டு" என்று காட்டுங்கள். வாய்ப்பேச்சை மறுக்கலாம். எழுதி வைத்த கணக்கையும் கையில் இருக்கும் துண்டையும் மறுப்பது கடினம்.

வரும் வாரம் எல்லோரும் ஆளுக்கு ஒரு சோதனைத் துண்டு கொண்டு வாருங்கள். 20-க்கு 20 சென்டிமீட்டர். துவைப்பதற்கு முன் அளவு, துவைத்த பின் அளவு இரண்டையும் உங்கள் கையெழுத்தில் எழுதி, துண்டோடு குத்திக் கொண்டு வாருங்கள். யாருடைய துணி எவ்வளவு சுருங்கியது என்று சேர்ந்து பார்ப்போம். எந்தத் துணியை வாங்குவது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.